இத்தாலியில் முதல் நான்கு நாட்கள்: தம்பதியராகப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இத்தாலிக்குக் கிளம்பும் தம்பதியர் என்னிடம் காட்டும் பயணத் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. இறங்கிய அன்றே கொலோசியம், மறுநாள் வாட்டிகன், மூன்றாம் நாள் காலையில் பிளாரன்ஸ், மாலையில் பீசா, நான்காம் நாள் வெனிஸ். அந்தத் தாளைப் பார்க்கும்போதே எனக்கு மனம் பதைக்கும். ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், பிள்ளைகளை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு இருவரும் தனியாகக் கழிக்கப்போகும் அரிய நாட்கள், எல்லாம் ரயில் நிலையங்களிலும் வரிசைகளிலும் கரைந்துவிடுமே என்ற கவலைதான்.

நானும் என் கணவரும் திருமணமாகிப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, ஓர் அக்டோபர் மாதத்தில் போனோம். அந்த அனுபவத்திலிருந்து நான் சொல்வது இது: முதல் நான்கு நாட்களையும் ரோம் நகருக்கே கொடுங்கள். ஒரே அறையில் தங்குங்கள். நாளொன்றுக்கு ஒரே ஒரு பெரிய இடத்துக்கு மட்டும் டிக்கெட் வாங்குங்கள். மற்ற ஊர்களை அதன்பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கிளம்புவதற்கு முன்

இந்தியப் பாஸ்போர்ட்டோ இலங்கைப் பாஸ்போர்ட்டோ வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும்; இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா அது. பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்குக் குறைவாக இருக்கும்போது விண்ணப்பிக்க முடியாது. கோடைக்காலப் பயணம் என்றால் நேர்காணல் நாள் கிடைப்பதே கடினம், எனவே மூன்று மாதம் முன்பே முடித்துவிடுங்கள். பெரியவர் ஒருவருக்கு விசாக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கணவன் மனைவியாகவே போனாலும் விண்ணப்பம் இருவருக்கும் தனித்தனிதான். ஒருவருடைய வருமானத்தை நம்பி மற்றவர் போகிறார் என்றால், திருமணச் சான்றிதழின் நகலையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் இரண்டு கோப்புகளிலும் வையுங்கள். பல நாடுகளுக்குப் போவதாக இருந்தால், அதிக நாட்கள் தங்கும் நாட்டின் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

நம்மவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு: பெயர். தந்தை பெயர் சிலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக இருக்கும், சிலருக்கு அந்த இடமே வெற்றாக இருக்கும், சிலருக்கு முதலெழுத்து மட்டும் இருக்கும். கொலோசியம் டிக்கெட்டுகள் பெயர் பதிந்தே விற்கப்படுகின்றன. நுழைவாயிலில் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஆகவே விமான டிக்கெட், விடுதி, கொலோசியம் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பெயரைக் கொடுங்கள். வீட்டில் அழைக்கும் பெயரைப் போட்டுவிட்டு அங்கே போய் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

கொலோசியம் டிக்கெட் விற்பனை 30 நாட்களுக்கு முன்பு அதிகாரபூர்வத் தளத்தில் திறக்கும். சாதாரண டிக்கெட் 18 யூரோ. அதில் பக்கத்திலேயே உள்ள ரோமன் ஃபோரம் என்ற பழைய நகரச் சதுக்கத்தின் இடிபாடுகளும் பாலட்டைன் குன்றும் அடங்கும். வாட்டிகன் அருங்காட்சியகத்துக்கும் வாரக்கணக்கில் முன்பே வாங்கிவிடுங்கள். இந்த இரண்டைத் தவிர வேறு எதையும் முன்பதிவு செய்து நாட்களைக் கட்டிப்போடாதீர்கள்.

தங்குவதற்கு நான் சொல்வது மோன்டி என்ற பகுதி. தெர்மினி ரயில் நிலையத்துக்கும் கொலோசியத்துக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டுக்கும் நடந்தே போகலாம். முன்பதிவு செய்யும்போது லிஃப்ட் உண்டா என்று எழுதிக் கேளுங்கள். பழைய கட்டடங்களில் நான்காம் மாடிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவது பயணத்தின் முதல் நாளில் யாருக்கும் வேண்டாத வேலை.

இறங்கும் நாள்

ஷெங்கன் எல்லைகளில் 2025 அக்டோபர் முதல் புதிய பதிவு முறை வந்திருக்கிறது. முதல் முறை நுழைகிறவர்களிடம் விரல்ரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள். வரிசை நீளலாம்; இறங்கியவுடன் எதற்கும் நேரம் குறித்து வைக்காதீர்கள். விடுதி உறுதிச்சீட்டையும் திரும்பும் டிக்கெட்டையும் காகிதத்தில் அச்சிட்டுக் கையில் வையுங்கள்.

ஃபியூமிச்சீனோ விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வர இரண்டு நல்ல வழிகள் உண்டு. லியனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் எங்கும் நிற்காமல் 32 நிமிடத்தில் தெர்மினிக்கு வந்துவிடும்; ஒருவருக்கு 14 யூரோ. அதே நிலையத்தில் விலை குறைந்த வேறொரு ரயிலும் நிற்கும், ஆனால் அது தெர்மினிக்கு வராது, தவறி ஏறிவிடாதீர்கள். இன்னொரு வழி வெள்ளை நிற அரசு உரிம டாக்சி. பழைய நகர மதிலுக்குள் எங்கே போனாலும் 55 யூரோ என்று கட்டணம் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது, பெட்டிகளையும் சேர்த்து. இரண்டு பேருக்கு ரயில் 28 யூரோ ஆகிறது என்பதால், இரவில் இறங்கினாலோ ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றாலோ டாக்சிக்குத் தயங்க வேண்டாம். வெளியே வரிசையில் நிற்கும் டாக்சியில் மட்டும் ஏறுங்கள். வருகைக் கூடத்துக்குள்ளேயே வந்து மெல்லிய குரலில் ‘டாக்சி, டாக்சி’ என்று அழைப்பவரோடு போகாதீர்கள்.

விடுதியில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பதிவு செய்வார்கள். அது அங்கே சட்டம். பதிந்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள். நகர வரி என்று ஒன்றையும் கேட்பார்கள். மூன்று நட்சத்திர விடுதிக்கு ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 யூரோ. இருவருக்கு நான்கு இரவுக்கு 48 யூரோ. முன்பதிவில் கட்டிய பணத்தில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. இது தெரியாமல் வரவேற்பு மேசையில் நின்று கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

குளித்துவிட்டு வெளியே வாருங்கள். படுக்கையில் சாயவே கூடாது. முதல் மாலைக்கு ஒரே இடம் போதும்: பியாட்சா நவோனா. நீண்ட சதுக்கம், நடுவில் சிற்பி பெர்னீனி 1651-இல் முடித்த நான்கு நதிகள் நீரூற்று. நைல், டான்யூப், தென் அமெரிக்காவின் லா பிளாட்டா, நான்காவதாக நம் கங்கை. கையில் நீண்ட துடுப்போடு சாய்ந்திருக்கும் முதியவர்தான் கங்கை. நமக்குக் கங்கை தாயாயிற்றே என்று என் கணவர் அந்தச் சிலையை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

உணவகங்கள் இரவு ஏழரைக்குத்தான் அடுப்பைப் பற்றவைக்கின்றன. அப்போது நம் ஊரில் இரவு பதினொரு மணி. அதுவரை உட்கார்ந்திருக்க உடம்பு கேட்காது. எனவே அன்று இரவு எடைக்கு விற்கும் பீட்சாக் கடைக்குப் போங்கள். கண்ணாடிக்குப் பின்னால் நீண்ட தட்டுகளில் பீட்சா இருக்கும். எவ்வளவு வேண்டும் என்று விரல்களால் அகலம் காட்டினால் போதும். கடைக்காரர் பெரிய கத்தரிக்கோலால் வெட்டி, தராசில் வைத்து, சூடாக்கிக் காகிதத்தில் மடித்துத் தருவார். இருவருக்கும் வேறுவேறு துண்டு வாங்கிப் பாதிப் பாதி பகிர்ந்துகொள்ளுங்கள். ஒன்பது மணிக்குத் தூங்கிவிடலாம்.

இரண்டாம் நாள்: விடியலை வீணாக்காதீர்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் உயிர்நாடி. கோடைக்கால நேரத்தில் ரோம் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. குளிர்காலத்தில் நாலரை மணி. அங்கே காலை நாலரை என்றால் சென்னையில் எட்டு. உங்கள் உடம்பு தானாக விழித்துக்கொள்ளும். பலர் அப்போது போர்வைக்குள் புரண்டுகொண்டு தொலைபேசியைப் பார்க்கிறார்கள். எழுந்து கிளம்புங்கள். உலகமே வந்து மொய்க்கும் ஊர் உங்கள் இருவருக்காக மட்டும் விழித்திருக்கும் நேரம் அது ஒன்றுதான். மூன்று நான்கு நாட்களில் உடம்பு பழகிவிடும், பிறகு இந்த வாய்ப்பு கிடைக்காது.

ட்ரெவி நீரூற்றுக்குப் போங்கள். பகலில் அங்கே கம்பியைப் பிடிக்கவே இடம் கிடைக்காது. விடியலில் நாங்கள் போனபோது தெருக் கூட்டுபவர் ஒருவரும் இன்னொரு தம்பதியும் மட்டும் இருந்தோம். நீரின் ஓசை இரண்டு தெருவுக்கு முன்பே கேட்கத் தொடங்கியது. நிக்கோலா சால்வி வடிவமைத்து, அவர் மறைந்தபின் 1762-இல் முடிந்த நீரூற்று இது. ஆனால் அதற்கு வரும் நீர்வழி கி.மு. 19-இல் அக்ரிப்பா என்ற ரோமானியத் தளபதி அமைத்தது. வலது கையால் இடது தோளுக்கு மேல் நாணயம் போடும் வழக்கம் உண்டு. விழும் காசு எல்லாம் திரட்டப்பட்டு ஏழைகளுக்கு உதவும் காரித்தாஸ் அமைப்புக்குப் போகிறது. மனமாரப் போடுங்கள்.

பிறகு காப்பி. இத்தாலியில் பார் என்றால் காப்பிக் கடை. பல கடைகளில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, ரசீதோடு மேடைக்கு வர வேண்டும். ‘கஃபே’ என்று மட்டும் கேட்டால் இரண்டு மிடறு கரிய எஸ்பிரெசோதான் வரும். நம் பில்டர் காப்பிக்கு ஓரளவு பக்கத்தில் வருவது கப்புச்சினோ; அதை அவர்கள் காலையில் மட்டும்தான் குடிப்பார்கள். நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் இன்னொரு விலை. புகழ்பெற்ற சதுக்கங்களில் அது மூன்று மடங்குகூட ஆகும். நின்றே குடியுங்கள். கூடவே கோர்னெட்டோ என்ற பிறை வடிவ ரொட்டி.

ஒன்பது மணிக்குப் பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில் திறக்கும். 2023 ஜூலை முதல் 5 யூரோ கட்டணம். பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 126-இல் எழுந்த கட்டடம். குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சியின் உயரமும் அதே 43.3 மீட்டர். இரும்புக் கம்பி இல்லாத கான்கிரீட் குவிமாடங்களில் உலகிலேயே இன்றும் இதுதான் பெரியது. உச்சியில் 9 மீட்டர் அகலத்தில் திறந்த வட்டம். மழை பெய்தால் உள்ளே விழும். தரையின் நடுப்பகுதியைக் கூர்ந்து பார்த்தால் நீர் வடியச் சிறுசிறு துளைகள் தெரியும். ஒளிவட்டம் சுவரில் நகர்வதை அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஓவியர் ரஃபேல் அங்கேதான் உறங்குகிறார். வாசல் முகப்பில் பெரிதாகப் பொறித்திருக்கும் பெயர், காலையில் நீரூற்றில் கண்ட அந்த அக்ரிப்பாவின் பெயர்தான். அவர் கட்டிய பழைய கோயில் அழிந்தபின் எழுந்த புதியதிலும் ஹேட்ரியன் அவர் பெயரையே விட்டுவைத்தார்.

தெருவெங்கும் நசோனே என்ற வார்ப்பிரும்புக் குடிநீர்க் குழாய்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ‘பெரிய மூக்கு’ என்று பொருள். 1874 முதல் வைத்திருக்கிறார்கள். நகரில் ஏறத்தாழ 2,500 உண்டு. குனிந்து குடிக்கத் தேவையில்லை. மூக்கின் முனையை விரலால் அடைத்தால், மேலே வளைவில் உள்ள சிறு துளை வழியாக நீர் வில்லாக மேலெழும்பி வாய்க்கு நேராக வரும். நல்ல குளிர்ந்த நீர். முதல் நாளே ஆளுக்கு ஒரு புட்டியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடும் சண்டையும்

எங்களுக்கு அந்தப் பயணத்தில் நேர்ந்த ஒரே பெரிய வாக்குவாதம் இரண்டாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு. காலையில் தின்ற ரொட்டிதான். இன்னும் ஒரு தேவாலயம், இன்னும் ஒரு தெரு என்று போய்க்கொண்டே இருந்தோம். உணவகம் தேடியபோது எல்லாம் அடைத்துவிட்டிருந்தார்கள். பசியில் யார் வழியைத் தவறவிட்டது என்று தொடங்கிய பேச்சு எங்கெங்கோ போனது. அன்று மாலை இருவரும் ஒரு விதி வைத்தோம்: எந்த அதிசயத்தின் முன்னால் நின்றாலும் பன்னிரண்டரைக்குச் சாப்பிட உட்கார்ந்துவிட வேண்டும். அதன்பின் அறைக்குப் போய் ஒரு மணி நேரம் மட்டும் தூக்கம். மாலை ஐந்துக்கு மறுபடி வெளியே. சமையற்கட்டுகள் மூன்று மணிக்கு மூடி ஏழரைக்குத் திறக்கின்றன என்பதை மறக்காதீர்கள்.

சைவர்களுக்கு ரோம் சிரமமான ஊர் அன்று, ஆனால் விவரம் தெரிய வேண்டும். ரோமின் புகழ்பெற்ற பாஸ்தாக்களில் கார்பொனாராவிலும் அமாத்ரிச்சானாவிலும் பன்றி இறைச்சி உண்டு. காச்சோ எ பெப்பே பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும். நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். பெகொரீனோ, பார்மிஜானோ பாலாடைக்கட்டிகள் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் வயிற்று நொதியால் உறையவைக்கப்படுபவை. அதைத் தவிர்க்கிறவர்கள் பீட்சா மரினாரா கேளுங்கள், அதில் பாலாடைக்கட்டியே இல்லை: தக்காளி, பூண்டு, ஓரிகானோ என்ற மூலிகை, ஆலிவ் எண்ணெய் மட்டும். யூதர் பாணியில் முழுதாகப் பொரித்த ஆர்ட்டிசோக் என்ற பூமொட்டுக் காய் இலையோரம் அப்பளம்போல மொறுமொறுக்கும். குளிர்காலத்திலிருந்து வசந்தம்வரை அதன் பருவம். சுப்ளி என்ற சோற்று உருண்டை பார்க்கச் சைவம்போல இருந்தாலும் பெரும்பாலும் இறைச்சிக் குழம்பில் பிசைந்தது. ‘சென்ட்சா கார்னே, சென்ட்சா பெஷ்ஷே’ என்றால் இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று பொருள். அதைச் சொன்ன பிறகும், சூப்பில் இறைச்சிச் சாறு உண்டா என்று தனியாகக் கேளுங்கள்.

பில்லில் ரொட்டிக்கு என்று தலைக்குச் சில யூரோ சேர்ந்திருக்கும். அது ஏமாற்று இல்லை, வழக்கம். தனியாக டிப்ஸ் வைப்பது உங்கள் விருப்பம். ஜெலாட்டோ என்ற இத்தாலிய ஐஸ்கிரீம் வாங்கும்போது பிஸ்தா நிறத்தைப் பாருங்கள். மங்கிய பழுப்புப் பச்சை என்றால் நம்பலாம். பளீரென்ற பச்சை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

மூன்றாம் நாள்: கொலோசியமும் மிளகும்

காலை எட்டரைக்கு முதல் நுழைவு நேரத்தை எடுங்கள். பேரரசர் வெஸ்பாசியன் தொடங்கி அவர் மகன் டைட்டஸ் கி.பி. 80-இல் திறந்துவைத்த அரங்கம். உள்ளே ஒன்றரை மணி நேரம் போதும். வெயில் ஏறுவதற்குள் ஃபோரத்துக்கு நகருங்கள்; அங்கே நிழல் மிகக் குறைவு, தொப்பி கட்டாயம்.

ஃபோரத்தில் மாக்சென்ஷியஸ் பசிலிக்கா என்ற பழைய பொது மண்டபத்தின் மூன்று பெரும் வளைவுகள் நிற்கும் இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அதற்கு அடியில்தான் டொமீஷியன் பேரரசர் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது. யவனர் கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய முசிறித் துறையைச் சங்கப் புலவர்கள் பாடினார்களே, அந்த மிளகு வந்து குவிந்த இடம் இது. கொங்கு நாட்டில் குடம் குடமாகக் கிடைத்த ரோமானியக் காசுகளின் மறுமுனை இங்கே இருக்கிறது. முந்தின நாள் உண்ட காச்சோ எ பெப்பேயின் காரம் எனக்கு அங்கே நின்றபோது நினைவுக்கு வந்து கண் கலங்கியது.

மாலையில் வேலை எதுவும் வேண்டாம். டைபர் நதியைக் கடந்து த்ராஸ்தேவெரே என்ற பழைய பகுதியின் சந்துகளில் நடங்கள். தெருக்கற்கள் சதுரமாக, வழுவழுப்பாக, இடைவெளியோடு இருக்கும். தட்டையான, பிடிப்புள்ள காலணி போடுங்கள். புதுச் செருப்பைத் தயவுசெய்து இந்தப் பயணத்தில் பழக்காதீர்கள்.

நான்காம் நாள்: வாட்டிகன்

தேதியைப் பார்த்துத்தான் இந்த நாளை வைக்க வேண்டும். அருங்காட்சியகம் ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், அன்று கூட்டம் தாங்காது. போப்பாண்டவர் ரோமில் இருக்கும் புதன்கிழமைகளில் காலையில் பொதுச் சந்திப்பு நடக்கும், புனித பேதுரு பேராலயத்துக்குள் போவது தாமதமாகும். தோளும் முழங்காலும் மூடிய உடை இருவருக்கும் கட்டாயம். சேலையோ சுடிதாரோ ஏற்றது.

மைக்கேலாஞ்சலோ சிஸ்டைன் சிற்றாலயக் கூரையை 1508 முதல் 1512 வரை தீட்டினார். பலிபீடச் சுவரில் இறுதித் தீர்ப்பை 1541-இல் முடித்தார். படம் எடுக்கத் தடை. சுவரோரப் பலகையில் இடம் கிடைத்தால் உட்கார்ந்துகொண்டு அண்ணாந்து பாருங்கள், கழுத்து வலிக்காது.

எல்லாவற்றையும் சேர்ந்தேதான் பார்க்க வேண்டும் என்றில்லை. பேராலயக் குவிமாடத்துக்கு 551 படி. லிஃப்டில் போனாலும் 320 படி மிச்சம். கடைசிப் பகுதி குறுகி, சுவர் சாய்ந்து, மூச்சு முட்டும். என் கணவர் ஏறினார், மூட்டுவலிக்காரியான நான் கீழே பியத்தா சிலையின் முன் நின்றேன். மைக்கேலாஞ்சலோ இருபத்துநான்கு வயதில் செதுக்கியது. இறந்த மகனை மடியில் ஏந்திய தாயின் இடது கை விரிந்து கிடப்பதை அவ்வளவு நேரம் பார்க்க எனக்குத் தனிமை தேவைப்பட்டது.

பேராலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் மீண்டும் சந்திக்க ஓர் இடம் சொல்கிறேன். தூபிக்கும் நீரூற்றுக்கும் நடுவில் தரையில் ஒரு வட்டக் கல் பதித்திருக்கும். அதன்மேல் நின்று பக்கத்துத் தூண் வரிசையைப் பாருங்கள். நான்கு வரிசைத் தூண்கள் ஒன்றன்பின் ஒன்று ஒளிந்துகொண்டு ஒரே வரிசையாகத் தெரியும். ஓரடி நகர்ந்தால் காடாக விரியும். பெர்னீனியின் கணக்கு அது.

பணமும் பாதுகாப்பும்

ஒருவர் பாஸ்போர்ட்டும் பெரும் பணமும், இன்னொருவர் வரைபடமும் அன்றாடச் செலவும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வங்கி அட்டை இருவரிடமும் வேறுவேறாக இருக்கட்டும். மெட்ரோவிலும் தெர்மினியிலிருந்து வாட்டிகன் போகும் 64-ஆம் எண் பஸ்ஸிலும் கைப்பையை முன்னால் தொங்கவிடுங்கள். ரோஜாவையோ கயிற்று வளையலையோ கையில் திணிப்பவரிடம் நிற்காமல் நடங்கள். டிக்கெட் இயந்திரத்தில் உதவ வருபவருக்கும் அதே பதில். மெட்ரோ வாயிலில் வங்கி அட்டையைத் தொட்டே உள்ளே போகலாம், ஆனால் இருவரும் ஒரே அட்டையை நீட்டாமல் ஆளுக்கு ஒன்றைப் பயன்படுத்துங்கள். அவசரத்துக்கு 112. கார் மட்டும் எடுக்காதீர்கள்: பழைய நகரத்துக்குள் அனுமதியில்லாத வாகனங்களைக் கேமரா படம் பிடிக்கும், அபராதம் சில மாதம் கழித்து வீட்டுக்கு வரும்.

ஐந்தாம் நாள் காலை

பிளாரன்ஸுக்கு அதிவேக ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். சில வாரம் முன்பே வாங்கினால் விலை பாதிகூட இருக்கும். இதில் பெட்டியும் இருக்கையும் குறித்திருக்கும். சிறு ஊர்களுக்குப் போகும் வட்டார ரயிலின் காகித டிக்கெட்டை மட்டும் ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும், மறந்தால் அபராதம். கிளம்பும் முந்தின நாள் ‘ஷோப்பெரோ’ உண்டா என்று விடுதியில் கேளுங்கள். வேலைநிறுத்தம் என்று பொருள். முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் செய்வார்கள்.

தெர்மினியில் புறப்பாட்டுப் பலகையில் ‘பினாரியோ’ என்ற இடத்தில் நடைமேடை எண் கடைசி நிமிடங்களில்தான் தோன்றும். நாங்கள் அரை மணி நேரம் முன்பே போய்விட்டோம். வழியில் அன்று காலை கடைசியாக ஒரு நசோனேயில் இருவர் புட்டியையும் நிரப்பிக்கொண்டோம். மூக்கை யார் அடைப்பது, யார் குடிப்பது என்று நான்கு நாட்களில் எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்துவிட்டிருந்தது.